பள்ளிக்கு நிதி வேண்டி வாக்காளர்களிடம் செல்வது எப்படி: கலிஃபோர்னியாப் பெற்றோருக்கு ஒரு கையேடு

இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் மாதம் பிறந்ததும், கலிஃபோர்னியாவில் பதிவு செய்துள்ள ஒவ்வொரு வாக்காளரின் வீட்டுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வந்துசேர்கிறது. குடியரசுத் தலைவர், செனட்டர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், மாநிலம் முழுவதற்குமான முன்மொழிவுகள் எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தின் அடியில், ஓரிரு ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்டு ‘மெஷர்’ என்று, உள்ளூர் வாக்காளர்கள் ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்க வேண்டிய ஒரு கேள்வி பல ஊர்களில் இருக்கும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் ஒழுகும் கூரை அடுத்த ஆண்டு மாற்றப்படுமா, நூலகரும் ஆலோசகரும் வேலையில் நீடிப்பார்களா என்பவை அந்த 75 சொற்களுக்கு உட்பட்ட கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. வாக்குச்சீட்டின் முதல் பக்கத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசும் நாம், நம் வாக்குக்கு மிக அதிகமான எடை இருக்கும் இந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை என்ற கவலையே இதை எழுதத் தூண்டியது.

பள்ளி மெஷர் ஒன்றை எப்படிப் படிப்பது, எப்படி முன்னெடுப்பது, நிறைவேறிய பிறகு எப்படிக் கண்காணிப்பது என்ற மூன்றையும் இங்கே சொல்கிறேன். மற்ற மாநிலங்களின் சட்டங்கள் வேறானவை என்பதால், இதில் உள்ள எண்களையும் வரம்புகளையும் கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே பொருத்திப் பார்க்க வேண்டும்.

பள்ளி வாரியம் ஏன் உங்களிடம் கேட்கிறது

ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் கீழ் நடத்தும் அமைப்பையே இங்கே பள்ளி மாவட்டம் என்கிறார்கள். முன்பு கலிஃபோர்னியாவின் பள்ளி மாவட்டங்கள் தமக்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதியை உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தே திரட்டின. அதனால் விலையுயர்ந்த வீடுகள் நிறைந்த ஊர், குறைந்த வரி விகிதத்திலேயே நிறைந்த பணம் பெற்றது. எளிய மக்கள் வாழ்ந்த ஊர், கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் குறைவாகவே பெற்றது. செர்ரானோ எதிர் பிரீஸ்ட் என்ற வழக்கில் 1971ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் மாநில உச்ச நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் விளைவுகள் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள், 1978 ஜூன் மாதத்தில் ‘முன்மொழிவு 13’ என்ற மாநில அளவிலான முன்மொழிவு வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்றது. அது சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை மதிப்பீட்டு மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்றும் வரையறுத்தது. அன்று முதல் எந்தப் பள்ளி வாரியமும் தன் விருப்பப்படி சொத்து வரி விகிதத்தை உயர்த்த முடியாது. 1988இல் நிறைவேறிய ‘முன்மொழிவு 98’, பள்ளிகளுக்கான குறைந்தபட்ச நிதியை மாநிலம் தர வேண்டும் என்றது. 2013இல் வந்த புதிய பங்கீட்டு முறை, வறுமையில் வாழும் குழந்தைகளும் ஆங்கிலம் கற்கும் குழந்தைகளும் அதிகமுள்ள மாவட்டங்களுக்குக் கூடுதல் தொகை கிடைக்கச் செய்தது.

ஆகவே ஒரு பள்ளி மாவட்டத்தின் அன்றாடச் செலவுக்கான பணம் பெரும்பாலும் மாநிலத் தலைநகரான சேக்ரமெண்டோவில் தீர்மானிக்கப்படுகிறது. அதற்கு மேல் உள்ளூரில் திரட்ட வேண்டுமானால், வாக்காளர்கள் திறந்துவிட வேண்டிய இரண்டு கதவுகளே முக்கியமாக எஞ்சியுள்ளன. ஒன்று ‘பாண்ட்’ என்று எல்லோரும் சொல்லும் கடன்பத்திரம். மற்றது ‘பார்சல் டாக்ஸ்’ எனப்படும் மனை வரி. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதே முதல் படி. பிற்பாடு எழும் ஏமாற்றங்களில் பல, பாண்டுக்கு வாக்களித்துவிட்டு ஆசிரியர் சம்பளத்தை எதிர்பார்த்ததால் வருபவை.

பாண்டும் பார்சல் டாக்ஸும்

பாண்ட் என்பது கட்டடத்துக்கானது. பள்ளி மாவட்டம் முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கி வகுப்பறை, கூரை, மின்கம்பி, ஆய்வகம், குளிரூட்டும் கருவி ஆகியவற்றைச் செய்துகொள்கிறது; அந்தக் கடனின் அசலும் வட்டியும் சொத்து வரியோடு சேர்த்து, வீட்டின் மதிப்பீட்டு விகிதத்தில் வசூலிக்கப்படுகின்றன. இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற பழைய விதியை, 2000 நவம்பரில் நிறைவேறிய முன்மொழிவு 39 தளர்த்தி, 55 சதவீதம் போதும் என்றாக்கியது. அந்தச் சலுகைக்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளையும் விதித்தது: எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடப்படும் என்ற பட்டியலை முன்கூட்டியே தர வேண்டும், ஆசிரியர், நிர்வாகி ஆகியோரின் சம்பளத்துக்கோ பிற நடைமுறைச் செலவுக்கோ அதிலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது, ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல் தணிக்கையும் நடக்க வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும். இந்த வழியில் செல்ல வாரிய உறுப்பினர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். ஐந்து பேர் கொண்ட வாரியத்தில் அது நான்கு பேர்.

பார்சல் டாக்ஸ் என்பது ஆட்களுக்கும் பாடத்திட்டத்துக்கும் உதவுவது. ஆசிரியர் சம்பளம், இசை வகுப்பு, நூலகர், மனநல ஆலோசகர் என்று மாவட்டம் அறிவித்த நோக்கங்களுக்கு இதைச் செலவிடலாம். வீட்டின் மதிப்பு எதுவாயினும் ஒவ்வொரு மனைக்கும் ஒரே தொகை என்பதே வழக்கமான முறை. சில இடங்களில் கட்டடப் பரப்பின் அடிப்படையில் சதுர அடிக்கு இவ்வளவு என்றும் கேட்டிருக்கிறார்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கும் சில வகை அரசு உதவித்தொகை பெறுவோருக்கும் மாவட்டம் விலக்கு அளிக்கலாம். இந்தக் கதவு திறக்க இன்றும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் பெரும்பாலான பார்சல் டாக்ஸ் காலாவதியாகிவிடும் என்பதால், அதே மாவட்டம் மறுபடியும் மக்களிடம் வந்து நீட்டிப்பு கேட்க நேரும்.

உங்கள் பள்ளியில் வகுப்புக்கு 34 குழந்தைகள் இருப்பதுதான் குறை என்றால் அதற்குப் பாண்ட் மருந்தாகாது. மழைக்காலத்தில் வகுப்பறையில் வாளி வைக்கும் நிலை என்றால் பார்சல் டாக்ஸ் கொண்டு அதைத் தீர்க்க முனைவது வீண். பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரு மெஷரைப் பற்றிய பேச்சு எழும்போது, நோய் எது, கேட்கும் மருந்து எது என்ற பொருத்தத்தையே முதலில் கேளுங்கள்.

பாண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கட்டடப் பணிகளுக்கு மாநிலம் பங்களிக்கும் திட்டத்தில் உள்ளூர் மாவட்டமும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். புதிய கட்டடத்துக்குச் செலவில் பாதியும், பழையதைப் புதுப்பிக்க 60 சதவீதமும் மாநிலம் தருவது நீண்ட நாள் வழக்கம்; 2024 நவம்பரில் நிறைவேறிய 1,000 கோடி டாலர் மதிப்பிலான முன்மொழிவு 2, தேவை மிகுந்த மாவட்டங்களுக்கு அந்தப் பங்கைச் சிறிது உயர்த்தவும் வழி செய்தது. உள்ளூர்ப் பாண்ட் தோற்றுவிட்டால் பல மாவட்டங்களால் தம் பங்கைக் காட்ட முடிவதில்லை; அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மாநிலப் பணம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது

பாண்ட் மெஷரில் ‘1 லட்சம் டாலர் மதிப்பீட்டுக்கு இத்தனை டாலர்’ என்று ஒரு விகிதம் இருக்கும். முன்மொழிவு 39இன் கீழ், தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை நடத்தும் ஒருங்கிணைந்த மாவட்டத்துக்கு இது ஒரு மெஷருக்கு 60 டாலரைத் தாண்டாது என்று கணிக்கப்பட்டிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிகளை மட்டுமோ உயர்நிலைப் பள்ளிகளை மட்டுமோ நடத்தும் மாவட்டத்துக்கு 30 டாலர். சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கு 25 டாலர். ஒவ்வொரு மெஷருக்கும் வரம்பு தனித்தனி என்பதால், 2008இல் ஒன்று, 2016இல் ஒன்று, 2024இல் ஒன்று என்று நிறைவேறியிருந்தால் மூன்றும் உங்கள் வரி ரசீதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

இங்கே ‘மதிப்பீடு’ என்பது சந்தை விலை அன்று. இணையதளத்தில் உங்கள் வீட்டுக்குக் காட்டும் விலையை வைத்துக் கணக்கிட்டு அதிர்ந்துபோகும் நண்பர்கள் பலருண்டு. கௌண்டி எனப்படும் வட்டார நிர்வாகம் அனுப்பும் சொத்து வரி ரசீதில் உள்ள மதிப்பீட்டுத் தொகையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் ஒரே அளவுள்ள மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் 1985இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கினார். ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறியிருந்தாலும் 2024இல் அவருடைய மதிப்பீடு சுமார் 3.25 லட்சம்தான். இன்னொருவர் 2012இல் 7 லட்சத்துக்கு வாங்கினார். அவருடையது சுமார் 8.9 லட்சம். மூன்றாமவர் 2023இல் 18 லட்சத்துக்கு வாங்கியவர், அவருடையது 18.36 லட்சம். விகிதம் 60 டாலர் என்றால் முதலாமவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 195 டாலரும், இரண்டாமவர் 533 டாலரும், மூன்றாமவர் 1,100 டாலரும் கட்டுவார்கள்.

இந்தக் கணக்கு நமக்கு இரண்டு விதங்களில் முக்கியமானது. நம்மவர்களில் பலர் அந்த மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள். அண்மையில் வாங்கியதால் தெருவிலேயே கூடுதலான வரியைச் சுமப்பவர்கள். ஆகவே ‘மாதத்துக்கு ஒரு காபி விலைதான்’ என்று யாராவது சொல்லும்போது அது அவர்களைப் பொறுத்தவரை உண்மையாக இராது. அந்தச் சொல்லைப் பிரசாரத்தில் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அதே கணக்கை மறுபுறம் திருப்பினால், வரியைக் கண்டு அஞ்சும் முதல் வீட்டுப் பெரியவரிடம் அவருடைய ரசீதையே எடுத்துக் காட்டி, 195 டாலர் என்று சரியாகச் சொல்ல முடியும். உண்மையான தொகையைச் சொல்வதைவிட நல்ல வாதம் எதையும் நான் கண்டதில்லை. பார்சல் டாக்ஸில் இந்த மூவரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள், முதலாமவர் வயதின் காரணமாக விலக்கு பெற்றாலன்றி.

படிக்க வேண்டிய தாள்கள்

வாக்குச்சீட்டோடு அல்லது அதற்குச் சற்று முன்பாக, கௌண்டியின் வாக்காளர் தகவல் கையேடு வரும். அதில் ஒரு பள்ளி மெஷருக்கு அதன் முழு வாசகம், கௌண்டி வழக்கறிஞரின் பக்கச்சார்பற்ற பகுப்பாய்வு, ஆதரவாகவும் எதிராகவும் 300 சொற்களுக்குள் எழுதப்பட்ட வாதங்கள், அவற்றுக்கு 250 சொற்களுக்குள் அமைந்த மறுப்புகள் ஆகியவை இருக்கும். பாண்டாக இருந்தால் வரி விகித அறிக்கையும் இருக்கும். வாதங்களைப் பலரும் படிக்கிறார்கள். நான் முதலில் திறப்பது முழு வாசகத்தில் உள்ள பணிப் பட்டியலையும் வரி விகித அறிக்கையையும்தான்.

பணிப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பள்ளிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மாவட்டம் முழுவதும் வசதிகளை மேம்படுத்துதல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதை நம்பிப் பிற்காலத்தில் எதையும் கேட்க இயலாது. நல்ல பட்டியல் என்பது, மாவட்டம் முன்பே தயாரித்த கட்டடத் திட்ட அறிக்கையிலிருந்து பிறந்ததாக, பள்ளிவாரியாகப் பணிகளைச் சொல்வதாக இருக்கும். பட்டியலில் உள்ள அனைத்தையும் செய்து முடிக்க அந்தத் தொகை போதாமலும் இருக்கலாம் என்பதால், எது முதலில் நடக்கும் என்ற வரிசையை வாரியக் கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது.

வரி விகித அறிக்கையில், கடன் முழுவதும் தீரும்போது அசலும் வட்டியுமாக மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம் என்ற மதிப்பீடு இருக்க வேண்டும். அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியமானது என்பதைச் சான் டியேகோ அருகிலுள்ள போவே ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தின் அனுபவம் காட்டியது. 2011இல் அம்மாவட்டம் சுமார் 10.5 கோடி டாலரை, முதல் இருபது ஆண்டுகளுக்கு எதுவும் கட்ட வேண்டாம் என்ற வகைக் கடன்பத்திரங்கள் மூலம் வாங்கியது. வட்டி வட்டியோடு சேர்ந்து வளர்ந்து, திருப்பிக் கட்ட வேண்டிய தொகை 100 கோடி டாலரை நெருங்கியது. அன்று தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வளர்ந்து வீடு வாங்கும் காலத்தில் அந்தக் கடனை அடைப்பார்கள். இது வெளியே வந்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2013இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, இவ்வகைக் கடனில் திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது, காலம் 25 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தது. ஆகவே, நல்ல நோக்கம் கொண்ட மெஷரிலும், கடனை எந்த வகையில் வாங்கப் போகிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். பள்ளியை நேசிப்பவர்கள் கேட்கும்போது அதற்கு மரியாதையான பதில் கிடைக்கிறது. எதிர்ப்பாளர்கள் மட்டுமே கேட்டால் அது சண்டையாகிவிடுகிறது.

மெஷரை முன்னெடுக்கும் பெற்றோர் செய்ய வேண்டியவை

நவம்பர் தேர்தலுக்கான வேலை முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. வாரியத்தின் தீர்மானம் தேர்தலுக்கு 88 நாட்களுக்கு முன், அதாவது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், கௌண்டித் தேர்தல் அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும். அதற்கு முன் மாவட்டம் கருத்துக் கணிப்பு நடத்தி, எந்தத் தொகைக்கு எத்தனை பேர் இசைகிறார்கள் என்று அறிந்துகொள்வது வழக்கம். அந்த முடிவுகள் வாரியக் கூட்டத்தில் வைக்கப்படும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட வேண்டும் என்றும், பொதுமக்கள் எவரும் எழுந்து பேசலாம் என்றும் மாநிலச் சட்டம் சொல்கிறது. மெஷரில் என்ன இருக்க வேண்டும் என்பதை மாற்ற விரும்பினால், பேச வேண்டிய காலம் பிப்ரவரியும் மார்ச்சும்தான். செப்டம்பரில் பேசினால் ஆதரிக்கவோ எதிர்க்கவோ மட்டுமே முடியும்.

தீர்மானம் நிறைவேறியதும், பள்ளி மாவட்டம் ஒரு கோட்டுக்கு அப்பால் நின்றுவிட வேண்டும். பொதுப் பணத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குச் செலவிடக் கூடாது என்று 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்விச் சட்டமும் அதையே சொல்கிறது. மாவட்டம் உண்மைத் தகவலைத் தரலாம், வாக்குக் கேட்கலாகாது. பள்ளியின் மின்னஞ்சல் பட்டியல், நகலெடுக்கும் இயந்திரம், ஆசிரியரின் பணி நேரம், குழந்தைகளின் புத்தகப் பை ஆகிய எதுவும் ‘ஆதரித்து வாக்களியுங்கள்’ என்ற துண்டறிக்கைக்குப் பயன்படக் கூடாது. ஆர்வத்தில் நம்மவர்கள் தவறும் இடம் இதுதான். வகுப்புப் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் நல்லெண்ணத்தோடு பள்ளிப் பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பப் போய், எதிர்த்தரப்பு அதைப் புகாராக்கி, மெஷரைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்த மின்னஞ்சலைப் பற்றியதாக மாறிவிடும் ஆபத்து உண்டு. ஆசிரியர்கள் தம் ஓய்வு நேரத்தில், தம் சொந்தச் செலவில் பிரசாரம் செய்யத் தடையில்லை.

ஆகவே பிரசாரத்துக்குப் பெற்றோரும் அண்டை அயலாரும் சேர்ந்து தனிக் குழு அமைக்க வேண்டும். ஓராண்டில் 2,000 டாலர் திரட்டியதும் அது சட்டப்படி ஒரு பிரசாரக் குழுவாகிறது. பத்து நாட்களுக்குள் 410 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து, பொருளாளரை அறிவித்து, பின்னர் வரவு செலவுகளை 460 என்ற படிவத்தில் குறித்த தேதிகளில் காட்ட வேண்டும். 100 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பெயர் தெரியாதவரிடமிருந்தும் வாங்கக் கூடாது. கணக்கில் பழகிய ஒருவரைப் பொருளாளராக வைத்துக்கொள்வது மேடைப் பேச்சாளரைத் தேடுவதைவிட முக்கியம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயிலோ, வார இறுதித் தமிழ்ப் பள்ளியோ வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருந்தால், வேட்பாளர் எவரையும் ஆதரிக்கக் கூடாது. ஆனால் மெஷர் ஒன்றை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், ஆதரிக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் பல அமைப்புகள் முற்றிலும் ஒதுங்கிவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

கையேட்டில் அச்சாகும் ஆதரவு வாதத்தில் ஐந்து பேர் வரை கையெழுத்திடலாம். அந்த ஐந்து பெயர்களும் பெற்றோராகவே இருந்தால் அது வீணடித்த வாய்ப்பு. ஓய்வுபெற்ற ஒருவர், கடை நடத்தும் ஒருவர், ஊரில் கணக்குக் கேட்பதில் பெயர்பெற்ற ஒருவர் என்று அமைவது நல்லது.

வாக்குகளை எண்ணிப் பார்ப்பது

ஒரு மெஷருக்கு 20,000 பேர் வாக்களிக்கிறார்கள் என்று கொள்வோம். 55 சதவீதம் என்றால் 11,000 ஆதரவு வாக்குகள் போதும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 13,334 வேண்டும். அதாவது பார்சல் டாக்ஸில் ஓர் எதிர்ப்பு வாக்கை ஈடுசெய்ய இரண்டு ஆதரவு வாக்குகள் தேவை. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகள் பொதுவாக ஊரின் சிறுபான்மையே என்பதால், பெற்றோர் அனைவரும் ஒருமனதாக நின்றாலும் அந்த இலக்கை எட்ட முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் 2019 ஜனவரியில் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்கு மக்கள் ஆதரவு பரவலாக இருந்தது. அந்த வேகத்தில் அதே ஆண்டு ஜூன் 4 அன்று, கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 16 சென்ட் என்ற பார்சல் டாக்ஸை மெஷர் ‘இஇ’ என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். அது மூன்றில் இரண்டு பங்கை எட்டாதது மட்டுமன்று, பாதியைக்கூடத் தொடவில்லை. வாக்களிக்க வந்தவர்களும் குறைவு. அதே மாவட்டத்தில் 2020 நவம்பரில் 700 கோடி டாலர் பாண்டும், 2024 நவம்பரில் 900 கோடி டாலர் பாண்டும் நிறைவேறின. தேர்தல் எப்போது நடக்கிறது, வரம்பு 55ஆ மூன்றில் இரண்டா என்பவற்றை உணர்ச்சி வேகம் மாற்றிவிடாது.

ஆகவே உங்கள் நேரத்தைப் பிள்ளைகள் இல்லாத வீடுகளில் செலவிடுங்கள். கதவைத் தட்டும்போது கையில் மூன்று தாள்கள் போதும்: அந்தத் தெருவுக்கு உரிய பள்ளியின் பணிப் பட்டியல், வரிக் கணக்குக்கான எளிய அட்டவணை, முதியோர் விலக்கு இருந்தால் அதற்கான படிவம். ‘எங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்’ என்று தொடங்குவதைவிட, ‘இந்தப் பள்ளியைக் கட்டியபோது நீங்கள் கட்டிய வரியில்தான் இன்று என் மகள் படிக்கிறாள்’ என்று தொடங்கியபோது பல வீடுகளில் என்னை உட்காரச் சொன்னார்கள். அது வெறும் உபசாரச் சொல் அன்று, உண்மையும்கூட. ஆதரவு தெரிவித்தவர்களிடம், மெஷர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறவாமல் நினைவூட்டுங்கள். குறியிடாமல் விட்ட கேள்வி எந்தப் பக்கமும் எண்ணப்படாது. அசதியால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். வரி ரசீது அவர்கள் பெயரில் வராது என்றாலும், குடியுரிமையும் பதிவும் இருந்தால் அவர்களுடைய வாக்குக்கும் வீட்டுக்காரரின் வாக்குக்கும் ஒரே மதிப்பு. பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாட்கள் முன்பு. அது தவறிவிட்டால் தேர்தல் நாள் வரை வாக்கு மையத்தில் நிபந்தனைப் பதிவு செய்துகொள்ளலாம். தபால் வாக்கு, தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு

வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ வாழும் நம்மவர்களில் பலர் சொந்த வீட்டுக்கு முழு வரி கட்டியும் மெஷரில் வாக்களிக்க இயலாதவர்கள். இது மனத்தை உறுத்தும் உண்மைதான். ஆனால் ஒரு போதும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளாதீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வந்தால் கவனமாகப் படித்து மறுத்துவிடுங்கள். குடிமகன் என்று தவறாகக் குறித்துவிட்டால், அது அறியாமல் செய்ததாயினும், குடிவரவு வழக்கில் நாட்டை விட்டு அனுப்பப்படும் அளவுக்குப் போகலாம். பிரசாரக் குழுவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னும், கிரீன் கார்டு இல்லாதவர்கள் சட்டம் அறிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களால் ஆகக்கூடியவை இன்னும் நிறைய உள்ளன. வாரியக் கூட்டத்தில் பேசலாம். ஊதியம் பெறாத தொண்டராகக் கதவு தட்டலாம். அண்மையில் குடியுரிமை பெற்ற நண்பர்களுக்கு மெஷரைத் தமிழில் விளக்கலாம். முதன்முறை வாக்களிக்கும் பெற்றோர், நம் ஊரிலிருந்து வந்து இங்கே குடியுரிமை பெற்ற தாத்தா பாட்டிகள் ஆகியோருக்கு, வாக்குச்சீட்டின் சட்ட ஆங்கிலத்தை ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து எளிய தமிழில் சொல்லிக்கொடுத்தால், அது பத்துத் துண்டறிக்கைகளுக்கு மேல் பயன் தரும்.

நிறைவேறிய பிறகு

பாண்ட் வென்றால், முடிவு வாரியக் குறிப்பேட்டில் பதிவானதிலிருந்து 60 நாட்களுக்குள் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர்: வணிகர் அமைப்பில் இருப்பவர், முதியோர் அமைப்பில் இருப்பவர், வரி செலுத்துவோர் சங்கத்தவர், ஒரு பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் அமைப்பில் செயல்படும் இன்னொரு பெற்றோர் ஆகியோருக்கு அதில் இடமுண்டு. மாவட்டத்தின் ஊழியரோ, ஒப்பந்தக்காரரோ, ஆலோசகரோ அதில் இருக்கக் கூடாது. பதவிக்காலம் குறைந்தது இரண்டு ஆண்டுகள். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இல்லை. இந்தக் குழுக்களில் இடம் காலியாகக் கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம். கணக்கும் பொறியியலும் படித்தவர்கள் மிகுந்த நம் சமூகத்தினர் இந்த இருக்கைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விரும்பிக் கேட்கிறேன்.

இடம் கிடைக்காதவர்களும் குழுவின் கூட்டத்துக்குச் செல்லலாம்; அது பொதுக் கூட்டமே. தணிக்கை அறிக்கைகள் வந்ததும் பணிப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் வாக்குறுதி தந்த வேலை, அதற்கு ஒதுக்கிய தொகை, இதுவரை செலவான தொகை என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013இல் பாண்ட் பணத்தைக் கொண்டு எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் வழங்கத் தொடங்கியபோது, சில ஆண்டுகளே உழைக்கும் கருவிக்கு நீண்ட காலக் கடனைச் செலவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. உங்கள் மாவட்டத்திலும் பாண்ட் பணத்தில் எது வாங்கினாலும், கடன் தீரும் வரை அது உழைக்குமா என்று கேட்கலாம்.

பார்சல் டாக்ஸ் வென்ற ஊரில், 65 வயதைக் கடந்த பெற்றோர் அல்லது அண்டை வீட்டார் இருந்தால் விலக்குப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய உதவுங்கள். பிரசாரத்தின்போது படிவம் தருவதாகச் சொல்லிச் சென்றவர்கள் வெற்றிக்குப் பின்பும் அதே கதவைத் தட்டி அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நீட்டிப்பு கேட்டு அடுத்த முறை வரும்போது அந்த வீட்டில் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.